கன்னித்தீவும் நமது மேட்டிமைச் சிரிப்பும்

நீண்டுகொண்டே போகும் ஒரு நாவலைத் தாக்க நமது விமரிசகர்களுக்கு ஒரு சொல் போதும்: 'கன்னித்தீவு'. முடிவில்லாதது, அசட்டுத்தனமானது, டீக்கடைக்குரியது ஆகிய மூன்று வசைகளும் அதற்குள் அடக்கம். இச்சொல்லை வீசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தொடரை ஒரு மாதமாவது தொடர்ந்து படித்திருக்கிறார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

'தினத்தந்தி'யில் 1960இல் தொடங்கிய அத்தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்து ஓடியது. தொடக்கத்தில் வரைந்தவர் ஓவியர் கணு. மந்திரவாதி மூசா, அவனுடைய மந்திரத்தால் சிறு உருவமாகிவிட்ட லைலா, அவளுக்காக அலையும் சிந்துபாத். பழைய தாள்களைச் சேர்த்துவைத்து இன்று ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும். பாத்திரங்கள் வளரவில்லை, அதே ஆபத்துகள் திரும்ப வருகின்றன என்பார். அது நாவலுக்குரிய அளவுகோல். நாளிதழ்ப் படக்கதையின் இலக்கணம் வேறு. ஒரு நாளைக்குச் சில கட்டங்கள், கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து, பிறகு மறுநாள் காலைவரை காத்திருப்பு. அந்தக் காத்திருப்பும் கதையின் ஒரு பகுதியே. நேற்றைய தாளைத் தவறவிட்டவனும் இன்று கதைக்குள் நுழைய வேண்டும். கூறியது கூறல் இங்கே குற்றமல்ல, தேவை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் சேதராப்பட்டின் டீக்கடைகளே போதும். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் நிற்கும் கடையில் நாளிதழ் முழுத்தாளாக யாருக்கும் கிடைப்பதில்லை. பக்கம் பக்கமாகப் பிரிந்து கைமாறும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் படம் துணை நிற்கும். அந்த வாசகரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட வடிவத்தை, மெத்தைநாற்காலியில் சாய்ந்துகொண்டு அளப்பது என்ன நியாயம்?

சித்திரம் என்றாலே நமக்கு இளக்காரம் என்றும் சொல்ல முடியாது. 1906இல் சென்னையில் தொடங்கி, 1908 முதல் 1910 வரை புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'இந்தியா' இதழின் கருத்துப்படங்களைப் போற்றுகிறோம். ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றை நூலாகவே தொகுத்தார். மிக நல்ல காரியம். ஆனால் அங்கே பாரதி என்ற பெயர் இருந்தது. பெயரில்லாத இடத்தில் நமது ரசனை கண்ணை மூடிக்கொள்கிறது. ஜார்ஜ் ஹெரிமன் வரைந்த 'கிரேஸி காட்' அமெரிக்க நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தபோதே, 1924இல் கில்பர்ட் செல்டஸ் என்ற விமரிசகர் அதைக் கலையென்று வாதிட்டு எழுதினார். நம்மிடையே ஒரு செல்டஸ் ஏன் தோன்றவில்லை?

இன்றைய வாசகரின் ஒரு குறையை நாங்கள் மறுக்கவில்லை. உள்ளங்கை உயரத்துக்குச் சுருங்கி, மீட்கப்படுவதற்காகவே வாழும் லைலா நம்மை உறுத்தவே செய்கிறாள். அந்த உறுத்தலை எழுதுங்கள். பல தலைமுறை ஆண்கள் காலையில் டீயோடு பருகிய பெண் பிம்பம் அது என்பதால் அவசியம் எழுதுங்கள். ஆனால் அதற்கும் முதலில் படிக்க வேண்டும். கேலி, விமரிசனத்துக்கு மாற்றாகாது.

சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சான சிற்றிதழ்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறோம். வேண்டியதுதான். லட்சக்கணக்கானோர் படித்த பக்கங்களோ பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாளிதழ்த் தாள் நெடுநாள் தாங்காது. நமது மேட்டிமை கரையும்வரை அது காத்திருக்கப் போவதில்லை.