சிறுகச் சேர்த்ததை ஒரே நாளில் எரிப்பதா?

சிக்கனமாக வாழுங்கள் என்று ஏழைக்குப் போதனை செய்கிறார்கள். என்னே வேடிக்கை! தோழனே, உனக்கா சிக்கனம் சொல்லித்தர வேண்டும்?

உலையில் இடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பவள் உன் தாய். அடுக்குப் பானையில் காசு முடிந்து வைப்பவள் உன் துணைவி. நீயோ, டீக்காசை மிச்சம் பிடித்துச் சீட்டு கட்டுகிறாய், அஞ்சலகத்தில் போடுகிறாய். சேர்க்கத் தெரியாதவனல்ல நீ!

ஆனால், சேர்த்தது எங்கே போகிறது? மகளுக்கு மணம் என்றதும் மண்டபம், மேளம், புரோகிதர், பந்திமேல் பந்தி! பத்தாண்டு வியர்வை ஒரே பகலில் கரைகிறது. பற்றாக்குறைக்குக் கந்துவட்டி! மணமக்கள் கழுத்தில் மலர்மாலை. உன் கழுத்திலோ கடன் சுருக்கு!

இதையும் எண்ணித்தான் பெரியார் சுயமரியாதைத் திருமணம் கண்டார். அண்ணா முதலமைச்சரானதும், 1967இல் அதற்குச் சட்டம் தந்தார். உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்று, மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும், மணம் செல்லும். புரோகிதர் வேண்டாம், கடனும் வேண்டாம்.

மேடையில் அதைப் புகழும் நாம், நம் வீட்டு மணத்தில் ஊரார் வாய்க்கு அஞ்சலாமா? அந்தப் பணம் இளையவள் படிப்புக்கு ஆகுமே! பிடி அரிசி சேர்த்த கையை ஏமாற்றாதே, தோழனே!