அந்தச் சத்து மாத்திரையை மருத்துவரிடம் காட்டினீர்களா?

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தந்தை ஒருவர், இரவுப் பணி முடிந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். சிறுமிக்கு இரத்தப் புற்றுநோய். பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறாள். பரிசோதனை அறிக்கையை நான் பார்த்து முடித்தபின், சற்றுத் தயங்கி, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமீது வைத்தார். ‘ஆன்டி-ஆக்சிடன்ட்’ மாத்திரைகள். அவருடைய இரண்டு நாள் ஊதியம் அதற்குச் செலவாகியிருந்தது.

"தகடு துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சு பூசுகிறோம். உடம்புக்கும் அப்படித்தானே, டாக்டர்?" என்றார்.

பாதி உண்மை. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. அளவு மீறினால் செல்களையே சிதைக்கின்றன. அவற்றை அடக்குவதற்கென சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளை உடலே உருவாக்கிக்கொள்கிறது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் இந்தச் சமநிலை குலைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயின், டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் நோய்ச் செல்லைத் தாக்கும் வழிகளுள் ஒன்று, அதே ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குவதுதான். பூச்சு நல்ல தகட்டுக்கு மட்டும்தான் ஒட்டும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

டப்பாவின் பின்புறத்தைப் படித்தபோது என்னை அதிகம் கவலையுறச் செய்தது வேறொன்று: ஃபோலிக் அமிலம். 1940களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இந்நோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைச் சத்துகள் கொடுக்கப்பட்டபோது நோய் விரைவதைக் கண்டார். ஆகவே அச்சத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடினார். அதை உருவாக்கி அளித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் வெளியான அறிக்கையில், அமினோப்டெரின் பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. தற்காலிகமானதுதான், எனினும் அதுவரை காணாதது. அம்மருந்தின் உறவினமே மெத்தோட்ரெக்ஸேட். இச்சிறுமி வாரந்தோறும் விழுங்குவது அதைத்தான். அது அடைக்கும் வாசலை ஃபோலிக் அமிலம் திறந்துவிடக்கூடும். (மெத்தோட்ரெக்ஸேட்டை மிகுந்த அளவில் செலுத்தும்போது, அதன் நஞ்சை முறிக்க ஃபோலினிக் அமிலத்தை நாங்களே கொடுப்பதுண்டு, அதுவும் மணிக்கணக்குப் பார்த்து.)

நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நன்கு கழுவி, கீரையை வேகவைத்து, வீட்டு உணவாகக் கொடுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் பப்பாளி இலையைப் பச்சையாக அரைத்துக் கொடுப்பது மட்டும் எனக்கு அச்சமூட்டுகிறது. கிருமித்தொற்றுக்கு அதுவே வழியாகிவிடலாம்.

பெற்றோர் இவற்றை மறைப்பதற்கு மருத்துவர்களாகிய நாங்களும் காரணமே. கேட்டால் கடிந்துகொள்வோம் என்ற பயம் அவர்களுக்கு. கேட்க நேரமில்லை என்ற சாக்கு எங்களுக்கு. எங்களில் எவரேனும் கடிந்தாலும் பொறுத்துக்கொண்டு, பொடி, லேகியம், மாத்திரை எதுவாயினும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

அந்த டப்பா பிரிக்கப்படாமல்தான் இருந்தது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார்.