எங்கட பாதைக்குப் பனி இல்லை, காற்று இருக்கு

கனடாச் சொந்தக்காரர் ஒவ்வொரு வின்டருக்கும் பனி மூடின தண்டவாளப் படம் அனுப்புவினம். நாங்களும் வாய் பிளந்து பார்ப்பம். பிறகு தேடிப் பார்த்தால், ஒவ்வொரு ஊரும் தன் பனியைப் படித்துத்தான் ரயில் விடுகிறது. ஜப்பானில் செக்கிகஹாரா பக்கம் பனி தூளாகப் பறந்து புல்லட் ரயிலின் அடியில் ஒட்டாமலிருக்கப் பாதையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சிகாகோவில் தண்டவாளம் பிரியும் இடம் உறையாமல் நெருப்பு எரிக்கிறார்கள். இங்கிலாந்திலோ 1991இல் ரயில் நின்றதற்கு, விழுந்தது வேற மாதிரிப் பனி என்று காரணம் சொல்லி ஊர்ச் சிரிப்பு வாங்கினார்கள்!

மன்னாருக்குப் பனி என்றால் காற்றுத்தான். 1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. 100 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அதே புயல்தான் தலைமன்னாரையும் அடித்தது. 2022 வரை ரயில் ஓடின பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பானது, ரயில் நின்றது.

1990இல் யுத்தத்தோடு நின்ற எங்கட ரயில் 2015இல்தான் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது. தீவுக்குக் கடலைத் தாண்டித்தான் வருது. எவ்வளவு காற்றுக்கு அது நிற்கும்? அந்த இலக்கத்தை ஸ்டேஷன் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடச் சொல்லித்தான் கேட்கிறோம். தெற்குக் கரையில் 30 காற்றாடி நட முன்னம் காற்றை அளந்தவர்கள்தானே.