வெள்ளத்தில் நின்ற வாகனம்: இயக்க முயல்வதே இழப்பைப் பெருக்குவது ஏன்?

காரோடு: கேரளத்தையும் தமிழகத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 66-இல், கழக்கூட்டம் புறவழிச்சாலை முடிவடையும் எல்லைப் பகுதி காரோடு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. 2021 நவம்பர் மாதக் கனமழையில், அருகிலுள்ள நெய்யாற்றின்கரையில் பாலத்தின் பக்கச் சுவர் இடிந்து நாகர்கோவில் சாலையில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. இத்தகைய மழை ஓய்ந்ததும் வாகன உரிமையாளர்கள் முதலில் செய்வது சாவியைத் திருப்பிப் பார்ப்பதே. பல நேரங்களில் பேரிழப்பு தொடங்குவதும் அப்போதுதான்.

என்ஜின் சிலிண்டருக்குள் காற்றை அழுத்த முடியும். நீரை அவ்வாறு அழுத்த இயலாது. காற்றுக் குழாய் வழியே நீர் புகுந்த நிலையில் என்ஜினைச் சுழற்றினால், மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்கும். கனெக்டிங் ராடு வளையக்கூடும். நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிச் சரிசெய்திருக்கக்கூடிய பழுது, என்ஜினையே பிரிக்க வேண்டிய பழுதாக மாறிவிடும். வாகனத்தைத் தள்ளி இயக்குவதும் இதே ஆபத்தை உடையது.

எனவே, சாவியைத் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள் அவசியம். காரின் உள்தரை நனைந்துள்ளதா? ஏர் ஃபில்டரில் ஈரம் உள்ளதா? ஆயில் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் உள்ளதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்பது விடையானாலும், பேட்டரி இணைப்பைத் துண்டித்து, வாகனத்தை இழுவை வண்டியில் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே பாதுகாப்பானது.

மூன்றும் இல்லையெனில் பழுது சிறியதாக இருக்க வாய்ப்புண்டு. 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டால் பேட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். என்ஜின் சுழன்றும் இயங்காவிட்டால், பெட்ரோல் வாகனத்தில் ஸ்பார்க் பிளக், காயில் ஆகியவற்றில் ஈரமும், டீசல் வாகனத்தில் எரிபொருளில் நீரும் கலந்திருக்கலாம். சுழலத் தொடங்கிய என்ஜின் ஒரே அதிர்வுடன் நின்றுவிட்டால் மீண்டும் முயலக் கூடாது.

காப்பீட்டுத் தொகையும் இந்த முடிவைப் பொறுத்ததே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, சொந்த வாகனத்தின் வெள்ளச் சேதத்தை ஈடுசெய்யாது. விரிவான காப்பீட்டில் வெள்ளம் அடங்கும். ஆனால், அதன் விளைவாகப் பின்னர் நேரும் 'தொடர் இழப்பு' பொதுவாக அடங்காது. நீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் நேர்ந்த சேதத்தை இவ்வகையில் சேர்த்து நிறுவனங்கள் மறுப்பதுண்டு. அதற்கெனக் கூடுதல் கட்டணத்தில் என்ஜின் பாதுகாப்பு இணைப்பு உள்ளது. அதன் நிபந்தனைகளையும் படித்தறிவது நன்று.

சென்னை இப்பாடத்தை 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கற்றது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வெளியானதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன.

மேம்பாலம் இல்லாத எல்லைக் கிராமங்களில் மேடான இடமும் பொறுமையுமே பாதுகாப்பு. ஆட்டோ, சரக்கு வாகன ஓட்டுநர்களுக்கு ஒரு நாள் காத்திருப்பும் வருமான இழப்பே. என்ஜின் பிரிக்கப்பட்டால் அது வாரக்கணக்கில் நீளும். நீர் நின்ற உயரம் தெரியுமாறு படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் அளித்த பின்னரே வாகனத்தை நகர்த்துவது, இழப்பீட்டுக் கோரிக்கைக்கும் வலுச்சேர்க்கும்.