மேல்முறையீட்டில் பெண்ணின் சாட்சியம்

பாலியல் வன்முறை வழக்கின் மேல்முறையீட்டில், பாதிக்கப்பட்ட பெண்ணை நீதிபதி பார்ப்பதில்லை. அவர் சொன்னதைப் படிக்கிறார். கூடுவாஞ்சேரி வழக்கு ஒன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றத்தில் நடக்கும்போது, அந்தப் பெண் கூண்டில் நின்று தயங்கித் தயங்கிப் பேசுகிறார். அதே வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, பெரும்பாலும் ‘அ.சா.1’ (அரசுத் தரப்புச் சாட்சி 1) என்ற தலைப்பில் சில பக்கங்களாகிவிடுகிறார். குறுக்கு விசாரணையில் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் “நான் பொய் சாட்சியம் சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்ற ஒரு வரியில் முடிந்திருக்கும். கேட்ட கேள்வியும் அதில் இருக்காது, கேட்ட தொனியும் இருக்காது.

இப்படிப்பட்ட தாள்களில் முரண்பாடு தேடுவது எளிது. அதன் விலை என்ன என்பதை 1978இல் நாடு பார்த்தது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வைத்து ஒரு பழங்குடிச் சிறுமி வன்புணர்வுக்கு உள்ளானார். விசாரணை நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, எனவே இசைவு இருந்தது என்பது அதன் கணக்கு. இரவில் காவல் நிலையத்தில் அகப்பட்ட சிறுமியால் எப்படி எதிர்த்திருக்க முடியும் என்ற கேள்வி அங்கே எழவில்லை. மறு ஆண்டு சட்டப் பேராசிரியர்கள் நால்வர் உச்ச நீதிமன்றத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த வன்புணர்வில் பெண் இசைவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும் என்றானது.

அதன்பின் நெறி தெளிவாகவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதானால் அது ஒன்றே போதும், சில்லறை முரண்பாடுகள் அதைக் கவிழ்க்காது என்று 1996இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒற்றைச் சாட்சியை நம்பித் தண்டிப்பதென்றால் அது அப்பழுக்கற்றதாக இருக்க வேண்டும் என்று 2012இல் ராய் சந்தீப் வழக்கில் சொன்னது. நிரபராதி சிறைக்குப் போகக் கூடாது என்பதால் இரண்டாவதும் தேவையானதே. ஆனால் அப்பழுக்கின்மையை நிகழ்வின் மையத்தில்தான் தேட வேண்டும். சேலையின் நிறத்திலும் கடிகார முள்ளிலும் தேடினால் எந்தச் சாட்சியும் தேறாது.

எப்படி எடைபோடுவது என்பதற்கு வாச்சாத்தி வழக்கு நம் கண்முன் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக் கட்டை தேடி அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். பெண்கள் 18 பேர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். மேல்முறையீட்டில் புகாரின் தாமதமும் முரண்பாடுகளும் வாதங்களாக வந்தன. அதை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போனார். சாட்சியத்தில் வரும் மரத்தையும் ஏரியையும் வீடுகளையும் பார்த்தபின் அதே தாள்கள் வேறு மாதிரிப் படிக்கப்பட்டன. வன்முறை செய்தவர்களே அரசாக இருந்தபோது யாரிடம் உடனே புகார் கொடுப்பது? 2023 செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீடுகளும் தள்ளுபடியாயின. வன்புணர்வுக்கு ஆளான பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் பாதி குற்றவாளிகளிடமிருந்து வசூல் என்றும் ஆணையிட்டார்.

ஆயினும் தண்டனைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே சரியாக 12 ஆண்டுகள்! அந்தக் காத்திருப்பை எந்த இழப்பீடும் ஈடு செய்யாது.

எல்லா நீதிபதிகளும் எல்லா ஊருக்கும் போக முடியாது. முடிந்ததையாவது செய்ய வேண்டும். சாட்சியத்தை ஒலி, ஒளியாகப் பதிவுசெய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதவும், சாட்சி நடந்துகொண்ட விதத்தைக் குறித்துவைக்கவும் இடமிருக்கிறது. பாலியல் வன்முறை வழக்குகளில் இவை கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்தப் பதிவு முத்திரையிட்ட உறையில் வழக்குக் கட்டோடு சேர்ந்து செங்கல்பட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தண்டனையை ரத்து செய்யும் முன் நீதிபதி அதைப் பார்த்தாக வேண்டும்.