சனி எங்கே? முதலில் அதைச் சொல்லுங்கள்!

நல்லம்பள்ளி வாரச்சந்தை கூடுவது செவ்வாய்க்கிழமை. ஆடு விற்க விவசாயிகளும் வாங்க வியாபாரிகளும் விடியும் முன்பே குவிகிறார்கள். 'செவ்வாயோ வெறும் வாயோ' என்று பயந்து யாராவது வீட்டில் இருந்துவிடுகிறார்களா? இல்லை. ஆனால் செவ்வாயன்று சந்தையில் லாபம் பார்க்கும் நம்மவர்களில் சிலர், புதுக்கடை திறக்கவும் பிள்ளைக்குத் திருமணம் பேசவும் நல்ல நாள் தேடி அலைகிறார்கள். இது என்ன நியாயம்?

பிற சமயச் சகோதரர்களைப் புண்படுத்துவது நம் நோக்கமல்ல. நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட நோயைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஜாதகம் என்பது என்ன? வான வட்டத்தின் 360 பாகையை 30 பாகை வீதம் 12 பங்காக்கி மேஷம் முதல் மீனம் வரை பெயரிட்டார்கள். குழந்தை பிறந்தபோது சந்திரன் நின்ற பங்கு ராசி. அந்நேரம் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த பங்கு லக்னம். இதுவரை வெறும் கணக்கு. கணக்கோடு நமக்குச் சண்டையில்லை. இந்த இடத்தில் சனி வந்தால் வியாபாரம் படுக்கும், அந்த இடத்தில் செவ்வாய் இருந்தால் மணவாழ்க்கை கெடும் என்கிறார்களே, அதற்குத்தான் ஆதாரம் கேட்கிறோம்.

ஆதாரம் இருக்கட்டும். சனி எங்கே இருக்கிறது என்பதிலாவது ஒற்றுமை உண்டா? அது மகரத்திலிருந்து கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2023 டிசம்பர் 20 என்றது வாக்கியப் பஞ்சாங்கம். பதினொரு மாத வித்தியாசம்! தனுசு ராசிக்காரருக்கு ஒன்றில் ஏழரைச் சனி முடிந்துவிட்டது, மற்றொன்றில் முடியவில்லை. மீனத்துக்குப் பெயர்ந்ததிலும் இதே கதைதான்: ஒன்றில் 2025 மார்ச் 29, மற்றொன்றில் 2026 மார்ச் 6. எந்தச் சனிக்குப் பயப்படுவது?

2008ல் மகாராஷ்டிரத்தில் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு பிரிவிலிருந்தும் ஜாதகங்களை ஜோதிடர்களிடம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடையனுப்பிய 27 ஜோதிடர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் ஐம்பது வந்திருக்கும்!

செவ்வாய் தோஷக் கணக்கைப் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷமாம். பன்னிரண்டு இடங்களில் ஐந்து! ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குற்றப்பத்திரிகை. பிறகு விதிவிலக்கு, பரிகாரம், தட்சணை. இதில் திருமணம் தள்ளிப்போய் வீட்டில் கண்ணீர் வடிப்பது யார்? பெரும்பாலும் பெண்தான்.

வியாபாரிகளே! ராகு காலம் தினமும் ஒன்றரை மணி நேரம். வாரத்துக்குப் பத்தரை மணி நேரம். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் நீட்டும் பணத்தை எந்த முதலாளியாவது திருப்பிக் கொடுத்ததுண்டா? வரவுக்கு இல்லாத ராகு, கடை திறப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நாங்கள் ஜாதகம் எழுதுவதில்லை என்று மார்தட்ட வேண்டாம். பெயரின் எழுத்தைக் கூட்டி பால் கிதாபு பார்ப்பது என்ன? சஃபர் பீடை மாதம் என்று நிக்காஹைத் தள்ளுவது என்ன? ஒடுக்கத்துப் புதன் என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பது என்ன? அரபுப் பெயர் சூட்டிவிட்டால் ஜோதிடம் மார்க்கமாகிவிடுமா?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே கிரகணம் என்று மக்கள் பேசினார்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் மறுத்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலும் மூடநம்பிக்கைக்கு இடம் தராத தலைவரின் சமுதாயமா, பஞ்சாங்கத்தின் முன் கைகட்டி நிற்பது?

இளைஞர்களே! தொழுகை நேரம் அறிய சூரியனைப் பாருங்கள். மாதம் அறிய பிறையைப் பாருங்கள். கடை திறக்கக் கணக்கு நோட்டைப் பாருங்கள். பெண் பார்க்கும்போது மார்க்கப் பற்றையும் குணத்தையும் பாருங்கள். உங்கள் வீட்டில் சஃபரில் ஒரு நிக்காஹ் நடத்திக் காட்டுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஒரு திருமணம் செய்யும், இன்ஷா அல்லாஹ்!