திரையில் எழும் கட்டடமும் தளத்தில் நிற்கும் தமிழரும்

இன்று ஒரு கட்டடம் இரண்டு முறை கட்டப்படுகிறது. முதலில் கணினியில், பிறகு மண்ணில். கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்சாரப் பொறியாளர், குத்தகையாளர் ஆகியோர் தத்தம் அலுவலகத்தில் இருந்தபடியே ஒரே முப்பரிமாண மாதிரியில் வேலை செய்கிறார்கள். இதைக் கட்டடத் தகவல் மாதிரி என்றும், சுருக்கமாக ‘பிம்’ என்றும் அழைக்கிறோம். இது வெறும் படம் அன்று. அதிலுள்ள ஒவ்வொரு தூணும் உத்தரமும் குழாயும் தன் அளவையும் பொருளையும் தன்னோடு சுமந்திருக்கும். குளிர்காற்றுக் குழாய் உத்தரத்தை ஊடுருவிச் சென்றால் மென்பொருள் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஊற்றிய கான்கிரீட்டை உடைப்பதைவிடத் திரையில் ஒரு கோட்டை நகர்த்துவது எவ்வளவு மலிவு!

சிங்கப்பூர் இத்துறையில் முன்னோடி. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை இவ்வகை மாதிரியாகச் சமர்ப்பிக்க வேண்டும் என்று 2013இல் கட்டட, கட்டுமான ஆணையம் விதித்தது. 2015இல் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டராகக் குறைந்தது. 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட கோர்நெட் எக்ஸ் தளத்தில் பல அரசு அமைப்புகள் ஒரே மாதிரியைப் பார்த்துக் கருத்துரைக்கின்றன. ஜூரோங்கில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நார்த் ஹில் விடுதிகளையே எடுத்துக்கொள்வோம். முழு அறைகளைப் பெட்டி பெட்டியாகத் தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து அடுக்கிக் கட்டிய விடுதிகள் அவை. இப்படிக் கட்டும்போது அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் தளத்தில் வெட்டி ஒட்டச் சமாளிக்க முடியாது. எல்லாரும் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தாக வேண்டும்.

இவ்வளவும் பெருமைக்குரியவைதாம். ஆனால் அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள்?

தொழிற்பயிற்சிக்காக நான் ஜூரோங்கில் ஒரு கட்டுமானத் தளத்துக்குச் சென்றிருந்தேன். வாரந்தோறும் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில், மோதல் ஒன்றுகூட மீதமில்லை என்று மாதிரி காட்டியது. மறுநாள், குழாய் பொருத்தும் அண்ணன் ஒருவர் அச்சிட்ட வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குழாய் போயிடும் தம்பி. ஆனா போல்ட்டை முடுக்க ஸ்பேனர் போகாதே!”

இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருந்தால் மென்பொருள் கண்டுபிடிக்கும். ஒரு மனிதனின் கை நுழைய எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை யாராவது அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர் கைக்கு வந்தது, மாதிரியிலிருந்து அச்சிட்ட ஆங்கிலத் தாள் மட்டுமே.

அவர் எவ்வளவு இன்றியமையாதவர் என்பதை 2020ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. ஏப்ரல் மாதத்தில் ஜூரோங்கின் தோ குவான் தொழிலாளர் விடுதி உட்படப் பல விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. பொறியாளர்கள் வீட்டிலிருந்தபடி மாதிரிகளைத் திருத்திக்கொண்டிருக்க முடிந்தது. கட்டுமானத் தளங்களோ உறைந்து நின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு மாதிரி வரைந்து தரும் அலுவலகங்கள் இயங்குகின்றன. அங்கே குழாயை வரைபவர் தமிழராக இருக்கலாம். இங்கே அதைப் பொருத்துபவரும் தமிழராக இருக்கலாம். இருவருக்கும் இடையே தமிழ் மட்டும் இருப்பதில்லை! நம் தளங்களின் வேலியில் தொங்கும் அபாய அறிவிப்பில் தமிழ் இருக்கிறது. விலகி நில் என்று சொல்லத் தமிழ் பயன்படுகிறது. அருகில் வந்து பார், உன் கருத்தைச் சொல் என்று அழைக்க ஏன் பயன்படக்கூடாது?

“தளத்தில் பல நாட்டவர் வேலை செய்கிறார்கள், ஆங்கிலமே பொதுமொழி” என்று சிலர் கூறுவர். பொதுமொழியை நான் மறுக்கவில்லை. மாதிரியில் வடிவம் வேறு, அதனோடு இணைந்த விவரம் வேறு. ஒரு தூணின் விவரப் பட்டியலில் தமிழுக்கு ஒரு வரி, வங்காளத்துக்கு ஒரு வரி சேர்ப்பது கடினமான காரியமன்று. நான் பரப்பளவையும் கொள்ளளவையும் முதலில் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்றேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் அவற்றையே சந்தித்தேன். மொழி மாறியபோது பொருள் மாறவில்லை. முதலில் நன்றாகப் புரிந்திருந்ததால்தான் அடுத்த மொழியில் எளிதாகப் பிடிபட்டது.

ஒன்றை மட்டும் நாம் தவிர்க்க வேண்டும். அறைக்குள் அமர்ந்து அருஞ்சொற்களை உருவாக்கி அவர்கள் மீது சுமத்தக் கூடாது. ‘கற்காரை’ நல்ல சொல்தான். ஆனால் தளத்தில் அது ‘கான்கிரீட்’. கம்பி, பலகை, ரசமட்டம், தூக்குக்குண்டு என்று அவர்களிடம் ஏற்கெனவே வளமான சொற்கள் இருக்கின்றன. நாம்தான் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் பேரவை ஆண்டுதோறும் பட்டிமன்றமும் நாடகமும் சிறப்பாக நடத்துகிறது. அவற்றோடு இதையும் செய்யலாம். பொறியியல், கட்டடக்கலை மாணவர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சுரு பொழுதுபோக்கு நிலையத்துக்குச் சென்று தொழிலாளர்களோடு அமர்ந்து, இருநூறு தளச் சொற்களைத் திரட்டட்டும். ஒரு மாதிரியைக் கையடக்கக் கணினியில் திருப்பிப் பார்க்கவும், அளவெடுக்கவும் அவர்களுக்குக் கற்றுத் தரட்டும். மாதிரியைப் படிக்கத் தெரிந்த தொழிலாளி நாளை மேற்பார்வையாளராக உயரலாம். துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில், குழாய் பொருத்துபவருக்கும் கம்பி கட்டுபவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். தேவைப்பட்டால் பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்க்க எங்களை அழையுங்கள், வருகிறோம்.